ஒரே ஒரு கடிதம்... பின்னால் ஐம்பது வருஷக் கதை! இமெயில் மென்பொருள் பற்றி இதெல்லாம் தெரியுமா?

இமெயில் பார்க்க பிரவுசரைத் திறந்து, ஜிமெயில் என்று தட்டி, உள்ளே போய்ப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். ஆனால் கம்ப்யூட்டரிலேயே குடியிருந்து, நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நம் கடிதங்களைக் காட்டுகிற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன என்பது தெரியுமா? அவற்றில் பலருக்கும் பழக்கமானது மொசில்லாவின் தண்டர்பேர்ட். அதை நிறுவி, ஒரு கடிதம் எழுதி, அனுப்பி, அழித்துப் பார்ப்போம். ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது!

முகவரி மட்டும் சொன்னால் போதும், தெரியுமா?

விண்டோஸ், மேக், லினக்ஸ் எதுவானாலும் தண்டர்பேர்ட் தளத்தில் டவுன்லோட் செய்யலாம். உபுண்டு லினக்ஸை விரிவான தொகுப்புடன் போட்டால் கூடவே வந்துவிடும். திறந்ததும் பெயரையும் இமெயில் முகவரியையும் கேட்கும். சர்வர் பெயர், போர்ட் எண், பாதுகாப்பு முறை என்று ஒரு பக்கம் நிரப்பவேண்டிய விவரங்களை அதுவே கண்டுபிடித்துவிடும்! எப்படி? முகவரியில் @ குறிக்குப் பின்னால் இருக்கும் பெயரை எடுத்துக்கொண்டு, அந்த நிறுவனமே அமைப்பு விவரத்தை வெளியிட்டிருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் இதற்கென்றே பராமரிக்கப்படும் பொதுப் பட்டியலில் தேடும்.

ஜிமெயில் என்றால் இன்னொரு விஷயம்: கூகுளின் உள்நுழைவுப் பக்கமே திறக்கும். நீங்கள் அனுமதி கொடுத்ததும் கூகுள் ஒரு டோக்கனை, அதாவது அனுமதிச் சீட்டைத் தரும். அதற்கப்புறம் அந்த டோக்கனைக் காட்டித்தான் தண்டர்பேர்ட் கடிதங்களை எடுக்கிறது. உங்கள் பாஸ்வேர்டை அது சேமித்துவைக்க வேண்டியதே இல்லை.

நீங்கள் பயன்படுத்துவது 1986-ல் பிறந்த முறை, தெரியுமா?

கணக்கைச் சேர்க்கும்போது ஐமேப்பா, பாப்பா என்று ஒரு கேள்வி வரும். பலர் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிவிடுவார்கள். தாண்டாதீர்கள்! பாப் 1984-ல் வந்தது. சர்வரில் இருக்கும் கடிதத்தைக் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள், முடிந்தது என்பது அதன் கொள்கை. டெலிபோன் லைன் வழியாக நெட் பிடித்த காலத்துக்கு இது வரப்பிரசாதம். கடிதங்களை மடமடவென்று இறக்கிவிட்டு லைனைத் துண்டித்துவிடலாம், பில் ஏறாது.

ஐமேப்பை 1986-ல் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கியவர் மார்க் கிறிஸ்பின். கடிதங்கள் சர்வரிலேயே இருக்கும், எந்தக் கருவியிலிருந்து பார்த்தாலும் ஒரே நிலையில் தெரியும் என்பது அவர் யோசனை. போனில் படித்த கடிதம் லேப்டாப்பிலும் 'படித்தது' என்று காட்டுகிறதே, அந்த வேலை இதுதான். ஒருவர் கையில் மூன்று கருவிகள் இருக்கும் காலத்துக்கு இப்படி ஏற்றதொரு முறை, செல்போன்கள் அபூர்வமாக இருந்த வருஷத்திலேயே எழுதப்பட்டுவிட்டது!

கடிதப் பட்டியல் பிறந்ததே ஒரு மேலதிகாரியின் அவஸ்தையால், தெரியுமா?

இடப்பக்கம் ஃபோல்டர்கள், நடுவில் கடிதப் பட்டியல், வேண்டியதை மட்டும் திறந்து படிக்கலாம். இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? 1971-ல் ரே டாம்லின்சன் @ குறியைப் போட்டு ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குக் கடிதம் அனுப்பிய காலத்தில் பட்டியலே கிடையாது! வந்த கடிதங்களெல்லாம் ஒரே நீளமாக, முதலிலிருந்து கடைசிவரை ஓடும். ஐந்தாவது கடிதம் வேண்டுமா? முதல் நான்கும் ஓடி முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

அமெரிக்காவின் ஆர்ப்பா என்ற ஆய்வு அமைப்பின் இயக்குநர் ஸ்டீபன் லூகாசிக் இதில் திணறிப்போய், தனக்குக் கீழே வேலைபார்த்த லாரி ராபர்ட்ஸிடம் வழி கேட்டார். 1972-ல் ராபர்ட்ஸ் ஒரு சின்ன நிரலை எழுதினார். அதன் பெயர் 'ஆர்டி'. பட்டியல் போடுவது, வேண்டியதைப் படிப்பது, சேமிப்பது, அடுத்தவருக்கு அனுப்புவது, பதில் எழுதுவது எல்லாம் அதில் வந்துவிட்டன. இன்று நீங்கள் நிறுவும் எந்த இமெயில் மென்பொருளுக்கும் அதுதான் மூதாதை.

"இமெயிலைக் கண்டுபிடித்தவர் நம்ம ஆள் இல்லையா?" என்று கேட்பவர்களுக்கு: தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சிவா அய்யாதுரை, பள்ளி மாணவராக இருந்தபோது நியூஜெர்ஸியில் ஒரு மருத்துவக் கல்லூரிக்காக 'இமெயில்' என்ற பெயரிலேயே ஒரு மென்பொருள் எழுதினார், 1982-ல் அதற்குப் பதிப்புரிமையும் பதிவு செய்தார். இது உண்மை. ஆனால் மேலே சொன்ன வேலைகள் அதற்கு முன்பே நடந்துவிட்டதால், இமெயிலையே அவர் கண்டுபிடித்தார் என்பதை வரலாற்றாளர்கள் ஏற்பதில்லை.

'தமிழ்' என்று எழுதினால் இருபது எழுத்துகளாகப் போகும், தெரியுமா?

புதிய கடிதம் ஒன்றைத் திறந்து தலைப்பு வரியில் 'தமிழ்' என்று மட்டும் எழுதுங்கள். கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோட் கணக்கில் ஐந்து: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் பதினைந்து பைட். இமெயில் பிறந்தபோது வெறும் ஆங்கில எழுத்துகளும் எண்களும் குறிகளும் மட்டும்தான் அந்தப் பாதையில் போகலாம் என்று விதி. அதனால் ஒவ்வொரு மூன்று பைட்டையும் நான்கு ஆங்கில எழுத்தாக மாற்றி அனுப்பும் பேஸ்64 என்ற முறை வந்தது. உங்கள் 'தமிழ்' அந்த முறையில் இருபது எழுத்தாக நீண்டு பயணம் செய்து, அந்தப் பக்கம் மறுபடி 'தமிழ்' ஆகிறது!

பார்க்க ஆசையா? தமிழில் வந்த ஒரு கடிதத்தைத் திறந்து கன்ட்ரோல், யு இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். கடிதத்தின் மூல வடிவம் தெரியும். தலைப்பு வரியில் தலைகால் புரியாத ஆங்கில எழுத்துகள் ஓடினால், அதுதான் நம் தமிழ்.

யூனிகோட் பரவுவதற்கு முன்பு டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியாக்கம் இருந்தது. அனுப்பியவரின் ஃபான்ட் பெறுபவரிடம் இல்லாவிட்டால் திரையில் கிறுக்கல்தான். அந்தச் சிக்கலான காலத்தில் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'முரசு அஞ்சல்' வழியாகத்தான் பலர் கம்ப்யூட்டரில் தமிழ் எழுதப் பழகினார்கள்.

முதல் அட்டாச்மென்ட் ஒரு பாட்டுக் கச்சேரி, தெரியுமா?

பேஸ்64-ஐ உள்ளடக்கிய 'மைம்' என்ற தரத்தை உருவாக்கியவர்கள் நதானியல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் இருவரும். 1992 மார்ச் 11-ம் தேதி போரன்ஸ்டைன் அனுப்பிய கடிதத்தில் ஒரு படமும் ஒரு பாட்டும் இணைந்திருந்தன. பாடிய நால்வர் குழுவில் அவரும் ஒருவர்! பக்கவாத்தியமே இல்லாமல் நான்கு குரல் மட்டும் சேர்ந்து பாடும் குழு அது.

நடைமுறைக்கு உதவும் கணக்கு ஒன்று: மூன்று பைட் நான்காவதால் எந்த ஃபைலும் அனுப்பும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பருத்துவிடும். 25 எம்பி வரை ஏற்கும் சர்வரில் 19 எம்பி ஃபைலே மாட்டிக்கொள்வதன் ரகசியம் இதுதான்.

"இத்துடன் இணைத்துள்ளேன்" என்று எழுதிவிட்டு இணைக்க மறப்பது உலக வழக்கம். கடிதத்தில் குறிப்பிட்ட சொற்கள் இருந்து, அட்டாச்மென்ட் இல்லாவிட்டால் தண்டர்பேர்ட் எச்சரிக்கும். அந்தச் சொற்பட்டியலில் நாமே சேர்க்கலாம் என்பது பலருக்குத் தெரியாது! செட்டிங்ஸில் கடிதம் எழுதும் பகுதிக்குப் போய் 'இணைத்துள்ளேன்', 'இணைப்பில்' என்று நீங்கள் வழக்கமாக எழுதும் வடிவங்களைச் சேர்த்துப் பாருங்கள்.

பிசிசி-யில் போட்ட பெயர் எப்படி மறைகிறது, தெரியுமா?

இமெயிலுக்கும் தபால் போலவே உறை தனி, உள்ளே இருக்கும் தாள் தனி. யாருக்குப் போக வேண்டும் என்பதை உங்கள் மென்பொருள் சர்வரிடம் தனியாகச் சொல்கிறது, அது உறை. நாம் படிப்பது தாளின் தலைப்பகுதி. பிசிசி பெயர்கள் உறையில் மட்டும் இருக்கும், தாளில் ஏறாது. இமெயில் அனுப்புவதற்காக 1982-ல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி விதிகளிலேயே உறை, தாள் என்ற இந்தப் பிரிவு உண்டு.

இதே வசதிதான் மோசடிக்காரர்களுக்கும் வாசல். தாளின் தலையில் "உங்கள் வங்கி" என்று யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாமே! சந்தேகம் வந்தால் மறுபடி கன்ட்ரோல் யு. கடிதம் கடந்துவந்த ஒவ்வொரு சர்வரும் மேலே ஒரு வரி சேர்த்திருக்கும். கீழிருந்து மேலாகப் படித்தால் அது வந்த பாதை தெரியும். கீழ்வரிகளையும் பொய்யாக எழுத முடியும் என்பதால், உங்கள் சர்வரே சேர்த்த மேல்வரிகளை மட்டும் முழுதாக நம்பலாம்.

ஐந்நூறு மைலுக்கு மேல் போகாத இமெயில் தெரியுமா?

பாதை என்றதும் ஒரு நிஜக்கதை. 1990-களின் நடுப்பகுதி, அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம். புள்ளியியல் துறைத் தலைவர், சர்வரைப் பார்த்துக்கொண்ட ட்ரே ஹாரிஸைக் கூப்பிட்டு, "ஐந்நூறு மைலுக்கு மேல் எங்களால் இமெயில் அனுப்ப முடியவில்லை" என்றார். யாராவது நம்புவார்களா? ஹாரிஸ் சோதித்தார். உண்மை! சர்வரில் தவறுதலாகப் பழைய மென்பொருள் ஏறியிருந்தது. புதிய அமைப்பு விவரம் அதற்குப் புரியாததால், அடுத்த சர்வரின் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் பூஜ்யமாகியிருந்தது. நடைமுறையில் சுமார் 3 மில்லி செகண்டில் கைவிட்டுவிட்டது. அந்த நேரத்தில் ஒளி போகும் தூரம் சுமார் 900 கிலோமீட்டர், அதாவது 558 மைல். ஒளியின் வேகமே அங்கே எல்லைக்கோடு போட்டிருந்தது!

ஸ்பேமைப் பிடிப்பவர் 18-ம் நூற்றாண்டுப் பாதிரியார், தெரியுமா?

வந்த குப்பைக் கடிதத்தை 'ஜங்க்' என்று குறிக்கிறீர்கள். அதில் இருக்கும் சொற்களை தண்டர்பேர்ட் எண்ணிவைத்துக்கொள்கிறது. அடுத்த கடிதத்தில் எந்தெந்தச் சொல் வந்தால் அது குப்பையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போடுகிறது. இந்தக் கணக்கின் அடிப்படை இங்கிலாந்துப் பாதிரியார் தாமஸ் பேய்ஸ் எழுதிய கட்டுரை. அவர் இறந்தபின் 1763-ல் வெளிவந்தது. அதை ஸ்பேமுக்கு எதிராகப் பிரபலமாக்கியது 2002-ல் பால் கிரஹாம் எழுதிய கட்டுரை. இதெல்லாம் உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே நடக்கிறது. உங்களுக்கு எது குப்பை என்று நீங்கள் கற்றுக்கொடுத்தபடியே அது நடக்கும்.

டெலீட் செய்தாலும் அழியாது, தெரியுமா?

வழக்கமான அமைப்பில் தண்டர்பேர்ட் ஒரு ஃபோல்டரின் எல்லாக் கடிதங்களையும் ஒரே ஃபைலில், ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்த்துவைக்கிறது. இதற்கு 'எம்பாக்ஸ்' என்று பெயர். 1970-களின் யூனிக்ஸ் காலத்து முறை. ஒரு கடிதத்தை அழித்தால் "இது அழிக்கப்பட்டது" என்ற குறி மட்டும்தான் விழும். ஃபைல் இளைக்காது! ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து 'காம்பாக்ட்' கொடுத்தால்தான் அந்த இடம் உண்மையில் காலியாகும். வீணான இடம் ஓர் அளவைத் தாண்டினால் மென்பொருளே இந்த வேலையைச் செய்ய முன்வரும்.

எம்பாக்ஸ் வெறும் எழுத்து ஃபைல் என்பதால் இன்னொரு பெரிய லாபம் உண்டு. நாளைக்குத் தண்டர்பேர்டே இல்லாமல் போனாலும் வேறு மென்பொருள்கள் அதைத் திறக்கும். ஒன்றுமே கிடைக்காவிட்டால் நோட்பேடில்கூடத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம்.

மூச்சு விடாமல் இன்னும் நான்கு!

• விண்வெளியிலிருந்து முதல் இமெயில் 1991 ஆகஸ்டில் அட்லாண்டிஸ் விண்கலத்திலிருந்து, ஒரு மெக்கின்டாஷ் போர்ட்டபிள் கம்ப்யூட்டர் வழியாக வந்தது.

• விளம்பர ஸ்பேமின் பிறந்தநாள் 1978 மே 3. கம்ப்யூட்டர் விற்பதற்காக ஒரே கடிதம் சுமார் 400 பேருக்குப் போனது.

• 1988-ல் ஸ்டீவ் டார்னர் எழுதிய யுடோரா என்ற இமெயில் மென்பொருள் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தது. அதன் மூலநிரலை 2018-ல் அமெரிக்காவின் கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகம் எல்லோருக்கும் திறந்துவிட்டது.

• நியூசிலாந்தின் டேவிட் ஹாரிஸ் 1990-ல் வெளியிட்ட பெகாசஸ் மெயில், ஜப்பானின் ஹிரோயுகி யமமோட்டோ உருவாக்கிய சில்ஃபீட் இரண்டும் இலவச இமெயில் மென்பொருள்கள். பழைய கம்ப்யூட்டரிலும் லேசாக ஓடக்கூடியவை.

கைவிடப்பட்ட மென்பொருள் பிழைத்தது எப்படி, தெரியுமா?

தண்டர்பேர்டின் முதல் முழுப் பதிப்பு 2004 டிசம்பரில் வந்தது. 2012-ல் "இனி இதற்குப் பெரிய புதுமை எதுவும் செய்யப்போவதில்லை, பழுது மட்டும் பார்ப்போம்" என்று மொசில்லா அறிவித்தது. எல்லோரும் பிரவுசரிலேயே பார்க்கும் வெப்மெயிலுக்குப் போய்விட்டார்களே! அப்புறம் தன்னார்வலர்கள் தோள்கொடுத்தார்கள். பயன்படுத்துகிறவர்கள் நன்கொடை அனுப்பினார்கள். 2022-ல் மட்டும் சேர்ந்த நன்கொடை 64 லட்சம் டாலருக்கு மேல்! 2020 முதல் மொசில்லாவின் கீழ் தனித் துணை நிறுவனமாக இயங்கும் தண்டர்பேர்ட் குழு, 2024-ல் ஆண்ட்ராய்டு போனுக்கும் தண்டர்பேர்டைக் கொண்டுவந்துவிட்டது.

இவ்வளவு பேர் ஏன் காசு கொடுத்தார்கள்? தங்கள் கடிதங்களின் ஒரு பிரதி தங்களிடமே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். ஆனால் ஒரு எச்சரிக்கை: ஐமேப் கணக்கில் கடிதம் கம்ப்யூட்டரில் தெரிகிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். சர்வரில் அழிந்தால் இங்கேயும் அழியும். முக்கியமான கடிதங்களை 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' பகுதிக்குக் காப்பி செய்யுங்கள். பிறகு ஹெல்ப் மெனுவில் பழுதுபார்க்கும் தகவல் பக்கத்தைத் திறந்து, அங்கே காட்டும் ப்ரொஃபைல் ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தண்டர்பேர்டை மூடிவிட்டு அந்த ஃபோல்டரை அப்படியே ஒரு பென் டிரைவுக்கு ஏற்றுங்கள். கணக்குகள், கடிதங்கள், முகவரிகள், ஸ்பேம் பாடம் எல்லாமே அதற்குள் இருக்கும். சேமித்துவைத்த பாஸ்வேர்டுகளும் கூடவே வரும் என்பதால், பென் டிரைவை மேஜைமேல் போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள்!