முதல் ஹெட்போன்



1925 ஆம் ஆண்டு டிசம்பர் 16 ஆம் திகதி கொழும்பு வானொலி தன் சேவையைத் தொடங்கியது. அக்காலத்து எளிய படிக வானொலிப் பெட்டிகளில் ஒலியைப் பெருக்கும் பகுதி கிடையாது. ஆகையால் அவற்றை வைத்திருந்தோர் ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொண்டே கேட்க வேண்டியவராயினர். அந்தக் கருவியோ அதற்கு முன்னரே பயனுக்கு வந்திருந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியேல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையிற் செய்த ஹெட்போனை 1910 இல் அந்நாட்டுக் கடற்படை வாங்கத் தொடங்கியது. பின்னர் ஒலிபெருக்கி வந்தது. வானொலி வீட்டுக் கூடத்திலே குடியேறியது. குடும்பம் முழுவதும் ஒன்றாகக் கேட்டது. இன்றோ கைத்தொலைபேசியின் வரவால் ஹெட்போன் மீண்டும் எல்லார் தலையிலும் ஏறிவிட்டது. அளவான பணத்தில் அதனை முதன்முதலாக வாங்குவோர் எதனைக் கவனிக்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இது வெறும் பொழுதுபோக்குச் செய்தியன்று. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை ஆகிய எமது கரையோர ஊர்களில் வீடுகள் மதிலோடு மதில் ஒட்டி நிற்கின்றன. ஒரு வீட்டிலே தறி ஓடும். அடுத்த வீட்டிலே தையல் இயந்திரம் ஓடும். வீதியிலே முச்சக்கர வண்டி இரையும். இவற்றுக்கிடையே சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை கைத்தொலைபேசியிற் பாடம் கேட்கிறது. 2020 இல் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது பரவிய இப்பழக்கம், அவை திறந்த பின்னரும் நீங்கவில்லை. ஆசிரியரின் சொல் தெளிவாக விளங்காதபோது பிள்ளை செய்வது ஒன்றே, ஒலியைக் கூட்டுகிறது. ஒலி கூடுகிறதேயன்றித் தெளிவு கூடுவதில்லை. செவி மட்டும் தேய்கிறது.

நமது உட்செவியில் நத்தை ஓட்டைப் போன்ற சுருளொன்று உண்டு. அதனுள் இருக்கும் நுண்ணிய மயிர்க்கலங்களே ஒலியை நரம்புக்கு உணர்த்துகின்றன. மனிதரில் அவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. 90 டெசிபெல்லாயின் அந்த எல்லை வாரத்துக்கு 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். சிறுவருக்கு இன்னும் குறைந்த ஒலியே ஏற்றது. ஆகவே ஒன்றை மனத்திற் கொள்ளுங்கள். உரக்கக் கத்தும் ஹெட்போன் நல்லதன்று. தாழ்ந்த ஒலியிலும் தெளிவாகக் கேட்கச் செய்வதே நல்லது. இந்த ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டே மற்றவை யாவற்றையும் பார்ப்போம்.

ஹெட்போனின் உள்ளே ஒரு காந்தமும், மெல்லிய கம்பிச் சுருளும், அச்சுருள் ஒட்டிய மென்படலமும் இருக்கின்றன. மின்னோட்டத்துக்கேற்பச் சுருள் அசைய, படலம் காற்றை அசைக்கிறது; அவ்வசைவே ஒலி. தாழ்ந்த சுரம், இடைச் சுரம், உயர்ந்த சுரம் என்னும் மூன்றையும் ஒன்றையொன்று மிஞ்சாமல் தருவதே நல்ல கருவியின் இலக்கணம். மலிவான கருவிகள் பலவற்றில் பறையொலி போன்ற தாழ்ந்த சுரத்தை வேண்டுமென்றே மிகுத்துவிடுகின்றனர். கடையில் ஒரு நிமிடம் கேட்பவருக்கு அது கம்பீரமாகத் தோன்றும். ஆனால் மெய்யெழுத்துகளின் வேறுபாட்டைக் காட்டும் நுண்ணொலிகள் பெரும்பாலும் உயர்ந்த சுரங்களில் உள்ளவை. மிகுந்த முழக்கம் அவற்றை மூடிவிடுகிறது.

அடுத்தது வகை. காதை முழுவதும் கவிந்து மூடும் வகை வெளிச் சத்தத்தைத் தடுக்கும். தறியோசைக்கும் வீதியோசைக்கும் நடுவே படிப்பவருக்கு இதுவே உகந்தது. பின்புறம் திறந்த வகையொன்றும் உண்டு. சென்ஹைசர் நிறுவனம் 1968 இல் எச்.டி. 414 என்னும் கருவியால் அதனைப் பரப்பியது. இசை அதில் விரிந்து இயல்பாக ஒலிக்கும். ஆயின் வெளிச் சத்தமும் உள்ளே வரும். அமைதியான அறை உடையவர்க்கே அது பொருந்தும். செவித்துளையிற் செருகும் இயர்போன் விலையிற் குறைந்தது. அதன் இறப்பர் முனை செவிக்கு அளவாகப் பொருந்தினால் வெளிச் சத்தத்தை நன்றாகத் தடுக்கும். மிகச் சிறிய தொகையே கையில் உள்ளவர், மலிந்த பெரிய ஹெட்போனைவிடத் தரமான இயர்போனை வாங்குவதே புத்தி.

பெட்டியில் அச்சிட்ட எண்களைக் கண்டு மயங்க வேண்டாம். “20 முதல் 20,000 ஹேர்ட்ஸ்” என்பது இளஞ்செவி கேட்கும் மீடிறன் எல்லை. ஏறத்தாழ எல்லாப் பெட்டிகளிலும் அது உண்டு. அவ்வெல்லைக்குள் ஒலி சமமாக வருகிறதா என்பதை அது சொல்லாது. உபயோகமான எண் ஓம் என்னும் அலகிற் குறிக்கப்படும் மின்தடங்கல். கைத்தொலைபேசிக்கு 16 முதல் 32 ஓம் வரை பொதுவாகப் போதுமானது. 250 ஓம் கருவியை வாங்கினால், தனிப் பெருக்கியின்றிப் பெரும்பாலும் ஒலி மெலிந்தே வரும்.

கம்பியா, கம்பியில்லாததா என்று கேட்பீர்கள். கம்பியில்லாத கருவியின் விலையில் மின்கலத்துக்கும் வானலைப் பகுதிக்கும் ஒரு பங்கு போய்விடுகிறது; மின்கலமும் சில ஆண்டுகளில் வலுவிழக்கும். ஆகவே அளவான பணத்துக்குக் கம்பியுடையதே இலாபம். புதிய தொலைபேசிகள் பலவற்றில் ஹெட்போன் துளை இல்லை. அவற்றுக்கு வேண்டிய சிறு இணைப்பியின் விலையையும் கணக்கிற் சேருங்கள். கழற்றி மாற்றக்கூடிய கம்பியும் மெத்தையும் உள்ளதாகப் பாருங்கள். எமது கடற்கரையின் ஈரக்காற்றும் வியர்வையும் போலித்தோலை விரைவில் உரித்துவிடும். மெத்தை மட்டும் கெட்டதற்காக முழுக் கருவியையும் எறிதல் வீண் செலவன்றோ?

கடைக்குச் செல்லும்போது உங்கள் தொலைபேசியையே கொண்டு செல்லுங்கள். நீங்கள் நன்கு அறிந்த மூன்று பதிவுகளும் அதில் இருக்கட்டும். முதலாவது, தெளிவான தமிழ்ப் பேச்சு. வலி, வழி, வளி என்பன வெவ்வேறாகக் கேட்கின்றனவா? மனமும் மணமும் பிரிந்து ஒலிக்கின்றனவா? இரண்டாவது, ஓதல். குர்ஆன் ஓதலைக் கேட்டுப் பழகும் பிள்ளைக்கு ஸீனும் ஸாதும் வேறாகச் செவியில் விழ வேண்டும். மூன்றாவது, இசை. றபானின் தோலதிர்வும் களிகம்பின் கம்புகள் மோதும் கூரிய ஓசையும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்க வேண்டும். இரு கருவிகளை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே ஒலியளவில் வைத்துக் கேளுங்கள். சற்று உரத்து ஒலிப்பது உயர்ந்ததாகத் தோன்றுவது செவியின் இயல்பு. பின்னர் ஒலியை நன்றாகக் குறையுங்கள். அப்போதும் சொல் தெளிவாக இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரமாவது அணிந்து, தலையையும் செவிமடலையும் அழுத்துகிறதா என்றும் பாருங்கள். கேட்டுப் பார்க்க இடந்தராத கடையில் பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பெயர்பெற்ற கருவிகளுக்குப் போலிகள் மிகுதி. உத்தரவாதத்தை எழுத்திற் பெறுங்கள்.

வாங்கிய பின்னர், தொலைபேசியின் முழு ஒலியில் நூற்றுக்கு 60 பங்குக்கு மேற் போகாதீர்கள். இடையிடையே செவிக்கு ஓய்வு கொடுங்கள். செவியில் இரைச்சல் கேட்கத் தொடங்கினால் மருத்துவரிடம் செல்லுங்கள். வீதியைக் கடக்கும்போது கழற்றிவிடுங்கள்.

பெற்றோரே, பிள்ளைக்கு ஹெட்போன் வாங்கச் சேர்த்து வைத்த பணம் சிறிதாயிருக்கலாம். அதனை மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம். இழந்த செவிப்புலனை அவ்வாறு சேர்க்க முடியாது. செல்வத்துட் செல்வம் செவிச்செல்வம் என்பது தமிழர் கண்ட உண்மை. அதனைக் காக்கும் கருவியை வாங்குங்கள். அழிக்கும் கருவியை, இலவசமாகத் தந்தாலும் ஏற்காதீர்கள்.