நகங்களின் நலம் நம் கையில்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே பேரங்காடிகளில் உள்ள நக அலங்காரக் கடைகளில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிடும். பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ சேலை எடுத்து, ரவிக்கை தைக்கக் கொடுத்து, வளையலும் பார்த்து முடித்த பிறகு கடைசியாக மிச்சம் இருப்பது நகம்தான். ஒருமுறை ஜெல் பூச்சுக்கு நூறு ரிங்கிட்டுக்கு மேல் கேட்கும் கடைகளும் உண்டு. இரண்டு மூன்று வாரத்தில் நகம் வளர்ந்து அடியில் இடைவெளி தெரிந்துவிடும், மறுபடியும் போக வேண்டும். வீட்டில் அம்மா, அக்கா, தங்கை என்று மூன்று பேர் இருந்தால் ஆகும் செலவை நீங்களே கூட்டிப் பாருங்கள்.

இதையெல்லாம் வீட்டிலேயே செய்துகொள்ள முடியாதா? தாராளமாக முடியும். ஆனால் வீட்டில் செய்யக்கூடியது எது, கை வைக்கக்கூடாதது எது என்று தெரிந்துகொண்டு தொடங்க வேண்டும். நகம் சின்ன விஷயம்தான். அதில் வரும் வலி சின்னதல்ல என்பது நகச்சுத்தி வந்தவர்களுக்குத் தெரியும்.

முதலில் நகத்தைப் புரிந்துகொள்வோம்

நாம் வெட்டி எறியும் நகத்துக்கு உயிர் இல்லை. அது கெராட்டின் என்ற புரதம். உயிருள்ள பகுதி தோலுக்கு அடியில், நகத்தின் வேரில் இருக்கிறது. அங்கிருந்து கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கிறது. ஒரு கைநகம் முழுதாகப் புதிதாக வளர ஏறக்குறைய 6 மாதம் ஆகும். கால் கட்டைவிரல் நகத்துக்கு 12 முதல் 18 மாதம் வரை பிடிக்கும். இன்று நகத்தைக் கெடுத்துக்கொண்டால் அடுத்த வாரமே சரியாகாது என்பது இதிலிருந்தே புரியும்.

நகத்தின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை கியூட்டிக்கல் என்கிறோம். பார்வைக்கு அழகில்லை என்று பலரும் அதை வெட்டிவிடுகிறார்கள். ஆனால் அதுதான் கிருமி உள்ளே போகாமல் அடைத்து நிற்கும் தடுப்பு. அதை வெட்டினால் கதவைத் திறந்து வைத்த மாதிரி. பிறகு வருவதுதான் சிவந்து, வீங்கி, சீழ் பிடிக்கும் நகச்சுத்தி.

ஐம்பது ரிங்கிட்டுக்குள் ஒரு பெட்டி

நல்ல நகவெட்டி ஒன்று, நகம் தேய்க்கும் மெல்லிய ஃபைல், நுனி தட்டையான மரக்குச்சி, பூச்சு நீக்கும் திரவம், பஞ்சு, கைக்குப் போடும் கிரீம். அதோடு அடிப்பூச்சு, உங்களுக்குப் பிடித்த நிறம், மேல்பூச்சு. பெரும்பாலும் ஐம்பது ரிங்கிட்டுக்குள் முடிந்துவிடும். பூச்சு வாங்கும்போது மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். நம் நாட்டில் விற்கும் ஒப்பனைப் பொருட்கள் என்பிஆர்ஏ எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பிடம் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்றுகூட எழுதாத புட்டியை, விலை மலிவு என்பதற்காக வாங்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்

பழைய பூச்சை நீக்குங்கள். நனைத்த பஞ்சை நகத்தின் மேல் பத்து விநாடி வைத்து, பிறகு நுனி நோக்கி இழுங்கள். சுரண்ட வேண்டாம். சுரண்டினால் பூச்சோடு நகத்தின் மேல் அடுக்கும் சேர்ந்து உரியும்.

வெட்டிய பிறகு ஃபைலை ஓரத்திலிருந்து நடு நோக்கி ஒரே திசையில் இழுங்கள். ரம்பம் அறுப்பதுபோல முன்னும் பின்னும் இழுத்தால் நுனி அடுக்கடுக்காகப் பிளக்கும். கால்நகத்தை நேராக வெட்டுங்கள். ஓரங்களை வளைத்து ஆழமாக வெட்டினால் நகம் சதைக்குள் வளர்ந்துவிடும்.

குளித்து வந்ததும் கியூட்டிக்கல் மென்மையாக இருக்கும். அப்போது ஒரு சொட்டு எண்ணெய் தடவி, மரக்குச்சியால் மெதுவாகப் பின்னால் தள்ளினால் போதும். உரிந்து தொங்கும் தோலை மட்டும் வெட்டுங்கள். பல்லால் கடித்து இழுக்கவே கூடாது.

இப்போது பூச்சு. நீரில் ஊறிய நகம் சற்று விரியும், காய்ந்ததும் சுருங்கும். ஈரத்தோடு பூசினால் இரண்டே நாளில் பூச்சு உதிர்வதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே நன்றாகக் காயவிட்டு, எண்ணெய்ப் பசை போக ஒருமுறை துடைத்துவிட்டு அடிப்பூச்சு போடுங்கள். அடர் சிவப்பு நகத்தில் மஞ்சள் கறையாகத் தங்காமல் இருக்கவும் இது உதவும். நிறத்தை மெல்லிய இரண்டு பூச்சாகப் போடுங்கள். தடித்த ஒரே பூச்சு மேலே காய்ந்ததுபோல் தெரியும், உள்ளே ஈரமாகவே இருக்கும். தோலைத் தொடாமல் ஒரு முடியளவு இடம் விடுங்கள். மேல்பூச்சை நகத்தின் நுனி விளிம்பிலும் ஓட்டுங்கள். விரைவில் உதிராமல் இருக்க அந்த ஒரு இழுப்பே பெரிய காரணம்.

ஒரு எச்சரிக்கை. பூச்சும் அதை நீக்கும் அசிட்டோனும் எளிதில் தீப்பற்றும். சாமி விளக்கு எரியும் இடத்திலோ அடுப்புக்குப் பக்கத்திலோ உட்கார்ந்து இதைச் செய்யாதீர்கள். சன்னலைத் திறந்து வையுங்கள்.

ஜெல் விளக்கு வாங்கும் முன்

இணையத்தில் இப்போது அதிகம் விற்பது ஜெல் பூச்சும் அதைக் காயவைக்கும் சிறு விளக்கும் சேர்ந்த பெட்டி. வேலைக்குப் போகும் பெண்களுக்கு இது பெரிய ஈர்ப்பு. சாதாரணப் பூச்சு காற்றில் காயும். ஜெல் அப்படியல்ல. அதிலுள்ள அக்ரிலேட் வகை வேதிப்பொருட்கள் புற ஊதாக் கதிர் பட்டு ஒன்றோடு ஒன்று பிணைந்து இறுகுகின்றன. விளக்கும் ஜெல்லும் பொருந்தாவிட்டால் மேலே இறுகி, உள்ளே பாதி வேகாமல் நிற்கும். அந்த வேகாத ஜெல் மீண்டும் மீண்டும் தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம். விரல் நுனியில் அரிப்பு, வெடிப்பு, நகம் சதையைவிட்டுப் பிரிதல் எல்லாம் அதன் அடையாளங்கள்.

இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் இருக்கும். இதே குடும்பத்தைச் சேர்ந்த பொருட்கள் பல் அடைப்பிலும், மூட்டு மாற்றுச் சிகிச்சையில் பயன்படும் எலும்பு சிமெண்டிலும் உள்ளன. இருபத்தைந்து வயதில் நகத்துக்காக வாங்கிய ஒவ்வாமை, அறுபது வயதில் முழங்கால் அறுவைச் சிகிச்சையின்போது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தியாகிவிடும்.

இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம், ஹெமா என்ற அக்ரிலேட் கலந்த நகப் பொருட்கள் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டுமே என்று கட்டுப்படுத்தியது. ஜெல்லை இறுக வைக்கும் டிபிஓ என்ற இன்னொரு பொருளை, இனப்பெருக்க நலன் பற்றிய கவலையால், 2025 செப்டம்பர் 1 முதல் ஒப்பனைப் பொருட்களில் அடியோடு தடை செய்தது. வீட்டில் ஜெல் போட்டே ஆக வேண்டும் என்பவர்கள் ஜெல்லையும் விளக்கையும் ஒரே நிறுவனத்தினுடையதாக வாங்குங்கள். சொன்ன நேரம் முழுதும் விளக்கில் வையுங்கள். தோலில் ஒட்டினால் விளக்கில் வைப்பதற்கு முன்பே துடைத்துவிடுங்கள். விரல்நுனி மட்டும் தெரியும் கையுறை போட்டுக்கொண்டால் கதிர் தோலில் படாது. அரிப்பு தொடங்கினால் அன்றே நிறுத்துங்கள்.

ஒரு நாள் விசேஷத்துக்கு ஒட்டு நகம் போதும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதற்கான பசை பருத்தித் துணியில் கொட்டினால் திடீரென்று சூடேறித் தோலைச் சுட்டுவிடும். பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

மருதாணி நம் பழைய நகப்பூச்சு

அரைத்த இலையை நகத்தில் வைத்துக் கட்டிக்கொண்டு தூங்கிய தலைமுறை நம்முடையது. தோலில் மருதாணி ஒன்றிரண்டு வாரத்தில் மங்கும். நகத்தில் மங்காது, வளர்ந்து வெட்டுப்பட்டுத்தான் போகும். கரியைப் போலச் சிவக்கும் என்று விற்கும் கறுப்பு மருதாணியைத் தவிருங்கள். அதில் தலைச்சாயத்தில் உள்ள பிபிடி சேர்க்கப்படுவதுண்டு, கொப்புளம் கிளம்பும். ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தைகளுக்கு இயற்கை மருதாணியும் கூடாது. அது அவர்களின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கலாம். பிள்ளை பிறந்தபோது மருத்துவமனையில் அந்தச் சோதனை செய்திருப்பார்கள். பதிவேட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நகம் சொல்லும் சேதி

சிறு வயதில் கொக்குக் கூட்டம் பறக்கும்போது நகங்களைத் தேய்த்து, பூப் போடச் சொல்லிக் கேட்டிருப்போம். அந்த வெள்ளைப் புள்ளி கால்சியம் குறைவதால் வருகிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் அது நக வேரில் பட்ட சிறு அடியின் தழும்புதான். வளர்ந்து போய்விடும். அதற்காக பயோட்டின் மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம். அளவு அதிகமான பயோட்டின் தைராய்டு, மாரடைப்பு தொடர்பான சில இரத்தப் பரிசோதனை முடிவுகளையே தவறாகக் காட்டக்கூடும்.

கவனிக்க வேண்டியவை வேறு. நகம் தடித்து, மஞ்சளாகிப் பொடிந்தால் அது நகச்சொத்தையாக இருக்கலாம். அதை அடர் நிறத்தால் மூடினால் நோயும் மூடி வளரும். அந்த நகவெட்டியை வீட்டில் வேறு யாரும் தொடக்கூடாது. நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கு நகத்தில் கரும்கோடு இயல்பாகவே வருவதுண்டு. ஆனால் ஒரே விரலில் புதிதாகத் தோன்றி அகலமாகிக்கொண்டே போகும் கோட்டை மருத்துவரிடம் காட்டத் தாமதிக்காதீர்கள். அரிதாக அது தோல் புற்றுநோயாக இருக்கலாம்.

அம்மாவின் கால்களையும் பாருங்கள்

2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு நீரிழிவு. நம் குடும்பங்களில் அது யார் வீட்டுக் கதையும் இல்லை, நம் வீட்டுக் கதை. நீரிழிவு முற்றினால் பாதத்தில் உணர்ச்சி குறையும். நகவெட்டி சதையில் பட்டாலும் வலிக்காது, புண் ஆறாது. ஒரு சின்ன வெட்டு விரலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோன கதைகளை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம்.

கண் மங்கிய அம்மாவும் அப்பாவும் குனிந்து தாங்களே நகம் வெட்டிக்கொள்ள விடாதீர்கள். நல்ல வெளிச்சத்தில் உட்கார வைத்து, நேராக வெட்டி, ஓரத்தை ஃபைலால் மட்டும் தேயுங்கள். கியூட்டிக்கலைத் தொட வேண்டாம். வெந்நீரில் நெடுநேரம் ஊற வைக்கவும் வேண்டாம். சூடு அவர்களுக்குத் தெரியாமல் போகலாம். விரல் இடுக்கைத் துடைத்து, புண், சிவப்பு, வீக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மறுநாளே சுகாதார கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். நகம் தடித்து வெட்ட வராவிட்டாலும் அங்கேயே காட்டுங்கள்.

மற்றபடி அன்றாடம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பாத்திரம் கழுவும்போது கையுறை, இரவில் படுக்கும் முன் நகத்தைச் சுற்றி ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய், இரண்டு பூச்சுக்கு நடுவே நகத்துக்குச் சில நாள் ஓய்வு. வெள்ளிக்கிழமையும் விளக்கு வைத்த பிறகும் நகம் வெட்டக்கூடாது என்று பாட்டி சொன்னால் வாதாட வேண்டாம். வெளிச்சம் உள்ள ஞாயிறு காலையே போதும். உங்கள் நகத்தை முடித்ததும் அந்த நாற்காலியில் அம்மாவை உட்கார வையுங்கள்.