கவிஞர் கூப்பரின் நம்பிக்கை

நம் தேவாலயங்களில் பாடப்பெறும் பாமாலைகளுள் பல ஆங்கிலத்தினின்று பெயர்க்கப்பட்டவை. அவற்றுள்ளும் கிறிஸ்துவின் இரத்தத்தை ஓர் ஊற்றாக உருவகித்துப் பாடும் பாட்டினைக் கேளாத கிறிஸ்தவ மாணவர் நம் கல்லூரியில் அரியர். அதனை இயற்றியவர் வில்லியம் கூப்பர் (1731–1800) என்னும் ஆங்கிலப் புலவர். ஆங்கிலப் பாடத்தில் ஜான் கில்பின் என்பவன் குதிரையேறி அடங்காது ஓடிய கதையைப் படித்து நகைத்தவர்க்கும் இவரே அறிமுகமானவர். எழுத்தை நோக்கிக் 'கௌப்பர்' என ஒலிப்பாரும் உளர்; அவர் குடும்பத்தார் கூப்பர் என்றே வழங்கினராதலின் யாமும் அவ்வாறே எழுதுகின்றோம். இப்புலவர் தம் வாழ்நாளின் இறுதி இருபத்தேழு ஆண்டுகளையும், அவ்வூற்று உலகினர் அனைவர்க்கும் உரியது, தமக்கு மட்டும் உரியதன்று என்னும் கொடிய எண்ணத்தோடு கழித்தவர் என்பதை அறிந்தார் சிலரே.

மனநோயால் வருந்துவோர்க்குக் கிறிஸ்தவ விசுவாசம் எத்தகைய நம்பிக்கையை அளிக்கவல்லது என்பது எளிதில் விடையிறுக்கத்தக்க வினாவன்று. விடுதியில் ஒரு மாணவர் உண்ணாது, உறங்காது, கதவடைத்துக் கிடப்பாராயின், "விசுவாசம் குறைந்துவிட்டது, நன்றாய் ஜெபம் பண்ணு" என்று கூறி அகல்வாரை யாம் கண்டதுண்டு. அங்ஙனம் கூறுவோர் தீயவரல்லர். ஆயினும் அச்சொல் புண்ணிற் புகுந்த கோலையொக்கும். கூப்பரின் வரலாற்றை ஈண்டு எடுத்துக்கொண்டது அவர்பொருட்டேயாம்.

கூப்பர் பெர்க்காம்ஸ்டெட் என்னும் ஊரில் ஒரு குருவானவர்க்கு மகனாய்ப் பிறந்தார். ஆறு வயது நிரம்புமுன் தாயை இழந்தார். அதன்பின் அனுப்பப்பட்ட பள்ளியில் மூத்த மாணவன் ஒருவன் அவரைக் கொடுமையாய்த் துன்புறுத்தினான். அம்முரடனைக் காலணியின் கொக்கியால் அடையாளம் அறிந்தாரேயன்றி, அவன் முழங்காலுக்குமேல் நிமிர்ந்து நோக்கவும் அஞ்சினார் எனப் பின்னாளில் அவரே எழுதியுள்ளார். சட்டம் பயின்ற இளமைக்காலத்திலேயே சோர்வு ஒருமுறை வந்து சென்றது. 1763-ஆம் ஆண்டிலோ பெருந்துன்பம் நேர்ந்தது. பிரபுக்கள் சபையின் நடவடிக்கைகளைப் பதிவு செய்யும் எழுத்தர் பதவியை உறவினர் ஒருவர் அவர்க்கு அளிக்க முன்வந்தார். எதிர்ப்பு எழவே, சபையோர் முன்னிலையில் நின்று தம் தகுதியை மெய்ப்பித்தல் வேண்டும் என்றாயிற்று. பரீட்சை நெருங்குங்கால் வயிறு கலங்கும் அனுபவம் நம்மில் யாவர்க்கும் உண்டு. கூப்பர்க்கோ அது உயிரையே வாங்கும் அச்சமாயிற்று. அந்நாள் வருமுன் அவர் பன்முறை தம் உயிரைப் போக்கிக்கொள்ள முயன்றார். கடவுளருளால் அம்முயற்சிகள் பலிக்கவில்லை.

அக்காலத்தில் மனநோயாளர் நடத்தப்பட்ட முறை கொடிது. இலண்டன் நகரின் பெத்லெம் மருத்துவசாலையில் 1770-ஆம் ஆண்டுவரை பொதுமக்கள் நோயாளரை வேடிக்கை பார்க்கச் செல்வது வழக்கமாயிருந்தது. கூப்பரின் நற்பேற்றால் அவர் அங்குச் சேர்க்கப்படவில்லை. செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் நதானியேல் காட்டன் என்னும் மருத்துவர் நடத்திய சிறு இல்லத்திற்கு அனுப்பப்பட்டார். காட்டன் பக்தியுள்ளவர், தாமும் கவி புனைபவர். நோயாளரை அன்போடு பேணினார். சில மாதங்களில் கூப்பரின் உணவும் உறக்கமும் சீர்ப்பட்டன. 1764-இல் ஒருநாள் தோட்டத்து இருக்கையொன்றில் வேதபுத்தகம் கிடக்கக் கண்டு எடுத்தார். யோவான் சுவிசேஷத்தில் லாசரு உயிர்பெற்ற அதிகாரம் கண்ணிற்பட்டது. பின்னர் ரோமர் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தைப் படித்தபொழுது, பாவமன்னிப்பு தமக்கும் உரியதே என்னும் தெளிவு உள்ளத்தில் உதித்து, மகிழ்ச்சியால் பேச்சிழந்தார். வேதவசனம் உள்ளே புகுமுன் மருத்துவரின் அன்பும் மாதக்கணக்கான ஓய்வும் அதற்கு வழி திறந்து வைத்திருந்தன. இவ்விரண்டனுள் எது தேவனுடைய செயல் என்று பிரித்துக் கூற எம்மால் இயலாது.

1765-இல் அவ்வில்லத்தை விட்டு நீங்கிய கூப்பர், அன்வின் என்னும் குடும்பத்தாரோடு வாழத் தொடங்கினார். வீட்டுத்தலைவர் குதிரையினின்று வீழ்ந்து இறக்கவே, 1767-இல் அவர் மனைவி மேரி அன்வினும் கூப்பரும் ஆல்னி என்னும் சிற்றூரிற் குடியேறினர். ஆண்டுப் போதகராயிருந்தவர் ஜான் நியூட்டன். முன்னாளில் அடிமைக் கப்பலின் தலைவராயிருந்து மனந்திரும்பியவர். இருவரும் சேர்ந்து எழுதிய ஆல்னி ஞானப்பாட்டுகள் 1779-இல் வெளிவந்தன. அவற்றின் தொகை 348. கூப்பர் இயற்றியவை ஏறக்குறைய 68. நியூட்டன் மிகுதியாக எழுதியமைக்குக் காரணம் உண்டு. நூல் பாதியில் நிற்கும்பொழுதே நண்பர் மீண்டும் நோய்வாய்ப்பட்டார்.

அஃது 1773-ஆம் ஆண்டின் தொடக்கம். தேவனுடைய வழிகள் மறைபொருளாயினும் அன்புடையவை என்று அவர் பாடிய புகழ்பெற்ற பாட்டு அந்நாட்களை ஒட்டியே பிறந்ததென்பர். சில வாரங்களில் ஒரு கனவு கண்டார். தமக்கு இனி மீட்சியில்லை, எல்லாம் முடிந்தது என்று ஒரு குரல் உரைப்பதாய்க் கேட்டார். விழித்தபின்னும் அக்குரல் ஓயவில்லை. அதுமுதல் தேவாலய வழிபாட்டில் அவர் கலந்துகொள்ளவில்லை. ஜெபிக்கத் தமக்கு உரிமையில்லை என்று எண்ணினார். பிறர்க்கெல்லாம் இரக்கமுள்ளவராகிய தேவன் தம் ஒருவரை மட்டும் தள்ளிவிட்டார் என்பது அவர் முடிபு. நியூட்டன் வேதத்திலிருந்து எத்துணையோ நியாயங்கள் எடுத்துக்காட்டினார். ஒன்றும் பயன்தரவில்லை. காய்ச்சலை வாதத்தால் தணிக்க முடியுமோ?

சமயமே அவரைப் பித்தராக்கிற்று என்று பின்வந்தோர் சிலர் எழுதினர். நியூட்டனின் கடுமையான போதனையைக் குறைகூறினாரும் உளர். முதல் நோய்கள் வந்தபொழுது கூப்பர் நியூட்டனைக் கண்டதுமில்லை. பக்தியில் ஆழ்ந்தவரும் அல்லர். ஆதலின் அக்கூற்று பொருந்தாது. ஆயினும் அதனை முற்றும் தள்ளிவிடுதலும் நேர்மையாகாது. பக்தியுள்ளவரைப் பற்றிய நோய் பக்தியின் மொழியிலேயே பேசும். வணிகனாயின் தன் பொருளெல்லாம் அழிந்ததென்று புலம்புவான். கூப்பரோ தம் ஆத்துமா அழிந்ததென்று புலம்பினார். நோய்க்குரலைத் தெய்வக்குரலென மயங்கியதே அவர் துயரத்தின் உச்சம்.

அங்ஙனமாயின் விசுவாசத்தால் அவர்க்கு விளைந்த நம்பிக்கை யாது? அவர் உள்ளத்தில் அது தோன்றவில்லை. அவரைச் சூழ்ந்திருந்தவரிடத்தே இருந்தது. 1773 ஏப்ரல் முதல் ஓராண்டுக்கு மேலாக நியூட்டன் அவரையும் மேரி அன்வினையும் தம் வீட்டிலேயே வைத்துக் காத்தார். நண்பர் மீண்டும் உயிர்விட முயன்றபொழுதும் வெறுத்து ஒதுக்கவில்லை. ஜெபம் ஒன்றே போதுமென்றும் இருந்துவிடவில்லை. மருத்துவர் காட்டனின் யோசனையும் கேட்கப்பட்டது. மேரி அம்மையாரோ இரவும் பகலும் உடனிருந்தார். "உனக்கு நம்பிக்கையில்லையாயின் நாங்கள் உனக்காக நம்புகின்றோம்" என்று அவர்கள் வாயாற் சொன்னார்களோ இல்லையோ, செயலாற் சொன்னார்கள்.

1774-இல் அயலார் கொடுத்த முயற்குட்டிகள் மூன்றைக் கூப்பர் வளர்க்கத் தொடங்கினார். மூன்றும் ஆண் முயல்கள். பஸ், டைனி, பெஸ் என்று பெயரிட்டுத் தாமே மரப்பெட்டிகள் செய்து அவற்றை உறங்கவைத்தார். பஸ் நோயுற்றபொழுது அருகிருந்து பேணினார். நலமடைந்த முயல் அவர் கையை நெடுநேரம் நக்கித் தன் நன்றியைக் காட்டிற்றாம். தச்சுவேலை, தோட்டவேலை, ஓவியம் எனக் கைகள் ஓயாதிருந்தன. தேவன் தம்மைக் கைவிட்டார் என்று நம்பியவர் ஒரு முயலைக் கைவிட ஒருப்படவில்லை.

செய்யுள் இயற்றும்படி தூண்டியவரும் மேரி அம்மையாரே. முதல் நூல் 1782-இலும், பெருங்காவியமாகிய 'அலுவல்' 1785-இலும் வெளிவந்தன. சோர்ந்திருந்த ஒருநாள், ஆஸ்டின் சீமாட்டி என்னும் நண்பர் ஜான் கில்பின் கதையை எடுத்துரைக்க, கூப்பர் அதனை நினைந்து நினைந்து நகைத்துப் பாட்டாக்கினார். 1788-இல் அடிமை வியாபாரத்தைக் கண்டித்து அவர் பாடிய பாடல்கள் அவ்வியாபாரத்தை ஒழிக்க உழைத்தவர்க்குப் பெருந்துணையாயின. பின்னர் மேரி அம்மையார் பக்கவாதத்தால் வீழ்ந்தபொழுது, தாமே நோயாளியாகிய அவர் அம்மையாரைப் பேணினார்.

வேதாகமம் இத்தகைய இருளை அறியாத நூலன்று. 88-ஆம் சங்கீதம் புலம்பலிலே தொடங்கி இருளிலேயே முடிகின்றது. இறுதியில் ஒரு நன்றிச்சொல் சேர்த்து அதனைச் செப்பனிட யாரும் துணியவில்லை. சூரைச்செடியின்கீழ்க் கிடந்து சாவை வேண்டிய எலியாவிடம் வந்த தூதன் அவிசுவாசமென்று கடிந்துரைக்கவில்லை. அவர் உறங்கினார், தூதன் தட்டியெழுப்பி அடையும் தண்ணீரும் காட்டினான், அவர் உண்டு மீண்டும் உறங்கினார். தேவனுடைய மெல்லிய சத்தத்தை எலியா கேட்டது நாற்பது நாள் கழிந்த பின்னரே. இதனை நம் விடுதிகளில் எத்தனைமுறை வாசித்திருப்போம்! வாசித்தும், தூதனுக்குமுன் நாம் உபதேசத்தை நீட்டிக்கொண்டு செல்கின்றோம்.

கூப்பர் காலத்து மருத்துவரிடம் இந்நோய்க்கு ஏற்ற மருந்து இல்லை. 1949-இல் லித்தியம் என்னும் உப்பின் பயன் கண்டறியப்பட்டது. 1950-களில் மனச்சோர்வுக்குரிய மருந்துகள் தோன்றின. உரையாடல்வழிச் சிகிச்சைகளும் வளர்ந்துள்ளன. மருந்துண்பது விசுவாசக் குறைவென்று தயங்கும் நண்பர், நீரிழிவுக்கு இன்சுலின் கொள்பவரை அவ்வாறு பழிப்பாரோ? உயிர்விட முயன்றவரைக் குற்றவாளியெனக் கொள்ளாது கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ளவேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் நம் நாட்டிலும் வகுத்துள்ளது. 14416 என்னும் எண்ணில் அரசின் தொலைபேசி மனநலச் சேவை 2022 முதல் நடைபெற்றுவருகின்றது. எண்ணை மனத்திற் கொள்வது நண்பர்க்கு உதவக்கூடும்.

மேரி அன்வின் 1796-இல் இறந்தார். 1799-இல் கூப்பர் இறுதியாக இயற்றிய பாட்டு, நடுக்கடலில் கப்பலினின்று வீழ்ந்து மூழ்கிய ஒரு மாலுமியைப் பற்றியது. அம்மாலுமியினும் ஆழ்ந்த கடலில் தாம் மூழ்கியதாய் அதனை முடித்தார். இறக்கும்வரை அவர் மனம் தெளியவில்லை. 1800 ஏப்ரல் 25-ஆம் நாள் அவர் உயிர் நீங்கியபின், முகத்தில் அமைதியும் தூய வியப்பும் கலந்து தோன்றின என்று உடனிருந்து பேணிய இளைய உறவினர் எழுதினார். அன்புடையார் கண்களுக்கு அங்ஙனம் தோன்றுதல் இயல்பே. அதன்மேல் பெரியதொரு கோட்டை கட்ட யாம் விரும்பவில்லை.

அப்பொழுது இலண்டனில் போதகராயிருந்த நியூட்டனுக்கு வயது எழுபத்துநான்கு, கண்பார்வையும் மங்கிவந்தது. ஆல்னியை விட்டுவந்து இருபது ஆண்டுகளாகியும் நண்பர்க்குக் கடிதம் எழுதுவதை அவர் நிறுத்தியிருந்ததில்லை. மறைந்த நண்பரைக் குறித்து அவர் செய்த பிரசங்கத்திற்கு யாத்திராகமத்தின் மூன்றாம் அதிகாரத்தினின்று வாக்கியம் தெரிந்துகொண்டார். தீப்பற்றி எரிந்தும் வெந்துபோகாத முட்செடியை மோசே கண்ட இடம் அது.