மின்னாவணங்களின் மெய்ம்மையும் நம்பகமும்

திவான் பகதூர் இரத்தினசபாபதி முதலியாரின் பெயர் தாங்கி நிற்கும் நம் ஆர்.எஸ்.புரத்தில், கணினி நிலையமொன்றில் நாம் கண்ட நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். தொண்டாமுத்தூர்ப் பக்கத்திலுள்ள தம் பூமியைப் பேத்தியின் படிப்புக்காக விற்கக் கருதிய முதியவர் ஒருவர், இணையத்தினின்றும் அச்சிட்டெடுத்த பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு, "இதிலே பேனாக் கையெழுத்தும் இல்லை, ரப்பர் முத்திரையும் இல்லை. வாங்குகிறவங்க எப்படி நம்புவாங்க, தம்பி?" என்று வினவினார்.

அவ்வினாவினுள் இரண்டு வினாக்கள் அடங்கியுள்ளன. இவ்வாவணம் உரிய அலுவலகத்தினின்றே வந்ததோ, இடையில் எவராலும் திருத்தப்படாததோ என்பது ஒன்று. இதனை மெய்ம்மை என்போம். இதிற் கண்ட செய்தி உள்ளபடியே சரியானதோ என்பது மற்றொன்று. இதனை நம்பகம் என்போம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் விளையும் மயக்கம் சிறிதன்று.

நம் நாட்டுச் சான்று ஒன்று கூறுவாம். 1821-ஆம் ஆண்டில் காலமான கர்னல் மெக்கன்ஸி தொகுத்த சுவடிகளுள் 'கொங்குதேச ராஜாக்கள்' என்னும் சரித்திரமும் ஒன்று. அத்தொகுதியைச் சேர்ந்த உண்மைச் சுவடியே அஃது, அதில் ஐயமில்லை. ஆயினும் பிற்காலக் கல்வெட்டாராய்ச்சியாளர் அது கூறும் வம்சாவளியையும் காலக்கணக்கையும் முழுதும் ஏற்றாரல்லர். மெய்யான ஏடும் பிழைபட்ட செய்தியைத் தாங்கி நிற்கக்கூடும் என்பது இதனாற் பெறப்படும்.

இனி மின்னாவணத்தின் தன்மையை ஆராய்வாம். ஓலையிலோ காகிதத்திலோ ஓரெழுத்தைச் சுரண்டினால் பெரும்பாலும் வடு தோன்றும். கணினிக் கோப்பில் ஓரெழுத்தை மாற்றினாலோ கண்ணுக்கு யாதொரு வடுவும் தோன்றாது. ஆதலின் அறிஞர் வேறொரு வழி வகுத்தனர். கோப்பு முழுவதையும் ஒரு கணித முறையால் வடித்து, 'ஹாஷ்' எனப்படும் குறுகிய எண்ணாக்குவர். எஸ்.எச்.ஏ.-256 என்னும் முறையில் அவ்வெண் 64 குறியீடுகளால் எழுதப்பெறும். கோப்பில் ஒரு புள்ளி மாறினும் அவ்வெண் வேறாகிவிடும். எனினும் கோப்பைத் திருத்துவோன் கைக்கு எட்டாத வேறோரிடத்தில் அவ்வெண்ணைக் காத்தல் வேண்டும்; இன்றேல் அவன் கோப்பையும் எண்ணையும் ஒருங்கே மாற்றிவிடுவான்.

நீதிமன்றங்களும் இதனைக் கருதியுள்ளன. மின்னணுப் பதிவின் நகலைச் சான்றாகக் காட்டுவோர் சட்டம் விதித்த சான்றிதழை உடன் அளித்தல் வேண்டுமென 2014-இல் அன்வர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் அதனை வலியுறுத்திற்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுக்குரிய சான்றிதழில் ஹாஷ் எண்ணையும் குறித்தல் வேண்டும்.

மீண்டும் அம்முதியவரிடம் செல்வோம். நிலையத்து இளைஞர், பட்டாவில் அச்சாகியிருந்த குறிப்பு எண்ணை அரசினரின் இணையதளத்தில் இட்டுப் பார்த்தார், யாவும் பொருந்தின. மெய்ம்மை நிலைநாட்டப்பட்டது. ஆயினும் காலஞ்சென்ற தமையனாரின் பெயர் அதில் இன்னும் நீங்காதிருந்ததை முதியவர் அப்பொழுதுதான் கவனித்தார். பிழையான பதிவைக் கணினி பிழையின்றிக் காத்து வந்தது! தமையனார் மக்களின் உரிமையைத் தீர்த்துப் பெயர் மாற்றம் செய்யாமல் விற்றிருப்பாராயின், பேத்தியின் படிப்புச் செலவு வழக்குச் செலவாய் முடிந்திருக்கும். பட்டா ஒன்றே உரிமைக்கு முழுச் சான்றாகாது. மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் ஒப்பு நோக்கல் வேண்டும். வில்லங்கச் சான்றிலும் பதிவு பெற்ற நடவடிக்கைகளே காணப்படும்.

மாணவ நண்பர்காள்! திரையிற் கண்டதனால் மட்டும் ஓர் ஆவணத்தை நம்புதலும், கையெழுத்தில்லை என்று மட்டும் அதனைத் தள்ளுதலும் ஒருங்கே பிழையாம். எங்கிருந்து வந்தது, எவர் காத்தனர் என்று முதலில் வினவுவோம். எழுதியவர் உண்மையறிந்து எழுதினரோ என்று பின்னர் வினவுவோம். இவ்விரு வினாக்களையும் பெற்றோர்க்கும் எடுத்துரைத்தல் கற்றோராகிய நம் கடமையாம்.