கென்யாவின் இரண்டாவது நாற்காலி

அரசியல் நூல்களில் ஜனாதிபதியைப் பற்றி விரிவாகப் படிக்கிறோம். உப ஜனாதிபதியைப் பற்றி இரண்டொரு வரிகளுடன் நின்றுவிடுகிறோம். ஆனால், தலைவர் மறையும் நாளில் நாட்டில் அமைதி நிலவுமா, குழப்பம் மூளுமா என்பது பல வேளைகளில் இப்பதவியைப் பொறுத்தே அமைகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள கென்யாவின் வரலாறு இதற்கு நல்ல சான்று.

1963 டிசம்பர் 12ஆம் நாள் விடுதலை பெற்ற கென்யா, சரியாக ஓராண்டு கழித்துக் குடியரசாயிற்று. ஜோமோ கென்யாட்டா ஜனாதிபதியானார். ஓகிங்கா ஒடிங்கா உப ஜனாதிபதியானார். அன்றைய சட்டப்படி உப ஜனாதிபதியை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை, ஜனாதிபதியே நியமித்தார், நீக்கும் உரிமையும் அவருக்கே இருந்தது. நிலப் பங்கீடு, அயல்நாட்டுறவு ஆகியவற்றில் தலைவருடன் மாறுபட்ட ஒடிங்கா, 1966இல் பதவி துறந்து வேறு கட்சியில் சேர்ந்து அதன் தலைவரானார். அடுத்து வந்த ஜோசப் முரும்பி கோவா நாட்டுத் தந்தைக்கும் மாசாய் இனத் தாய்க்கும் பிறந்தவர். இளமையில் இந்தியாவில் கல்வி பயின்றவர். அவரும் சில மாதங்களிலேயே விலகினார்.

1967இல் டேனியல் அராப் மோய் அப்பதவியை ஏற்றார். தலைவர் மறைந்தால் உப ஜனாதிபதி 90 நாள் ஆட்சியை நடத்த வேண்டும், அதற்குள் தேர்தல் நடைபெற வேண்டும் என்பது விதி. இவ்விதியை மாற்ற 1976இல் சிலர் முயன்றனர், முயற்சி பலிக்கவில்லை. 1978 ஆகஸ்ட் 22ஆம் நாள் கென்யாட்டா காலமானபோது, அதே விதிப்படி ஆட்சி மோயின் கைக்கு அமைதியாக மாறியது. 2002 வரை அவர் ஆண்டார். விந்தை என்னவெனில், தம்மைக் காத்த அந்தப் பதவியை அவரே 1998 தொடங்கி ஓராண்டுக்கு மேல் காலியாக வைத்திருந்தார்!

இக்குறைகளைக் களைய 2010ஆம் ஆண்டின் அரசியலமைப்பு முற்பட்டது. பதவியின் பெயர் துணை ஜனாதிபதி என்றாயிற்று. ஜனாதிபதி வேட்பாளருடன் இணைந்தே அவரும் மக்கள் முன் நிற்கிறார். தலைவர் பதவி காலியானால், எஞ்சிய காலம் முழுவதும் அவரே ஜனாதிபதி. ஜனாதிபதி நினைத்த மாத்திரத்தில் அவரை நீக்க இயலாது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கினர் இசைய வேண்டும். 2024 அக்டோபரில் ரிகதி கச்சாகுவா இம்முறைப்படியே நீக்கப்பட்டார். குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தார். ஆயினும் விவாதம் அவைகளில், மக்கள் அறிய நடைபெற்றது.

ஒருவருடைய விருப்பத்தில் தொங்கிய பதவி சட்டத்தின் மீது ஊன்றி நிற்பதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு பிடித்தது. அந்தச் சட்டத்தை மதித்து நடப்பது இனி அந்நாட்டு மக்களின் பொறுப்பாகும்.