காப்பர்-டி போடும்போது ஏன் வலிக்கிறது?

தஞ்சாவூர் ராசா மிராசுதார் போன்ற அரசு மருத்துவமனைகளில், பிரசவம் முடிந்த 48 மணி நேரத்துக்குள் காப்பர்-டி போட்டுக்கொண்டால் வலி குறைவு. கருப்பை வாய் அப்போது விரிந்தே இருக்கும். மாதங்கள் கழித்துப் புறநோயாளியாக வரும்போதுதான் சிக்கல்.

அப்போது மூடியிருக்கும் கருப்பை வாயை முதலில் கொக்கி இடுக்கியால் பிடித்து இழுத்து நேராக்குவார்கள்; அங்கேதான் முதல் 'சுருக்'. அடுத்து கருப்பையின் ஆழம் பார்க்கும் அளவுக்கம்பி உள்ளே போய் மேல்சுவரைத் தொட்டதும் கருப்பை சுருங்கி, மாதவிலக்கு வலி போலப் பிடித்து இழுக்கும். வாயின் வலியும் மேற்பகுதியின் வலியும் வெவ்வேறு நரம்புப் பாதைகளில் தண்டுவடத்துக்குப் போகின்றன. அதனால்தான் ஒரே மருந்தால் இரண்டையும் முழுசாக அடக்க முடிவதில்லை.

வாயைச் சுற்றி, கடிகாரத்தின் 4 மணி, 8 மணி இடங்களில் லிடோகெயின் ஊசி போடலாம். அது நரம்பிலுள்ள சோடியம் வாசல்களை அடைத்துவிடும். வலிச் சேதி மேலே ஏறாது. ஊசி குத்துவதும் கொஞ்சம் வலிக்கும்தான். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் 2024-இல் இந்த மருந்து பயன்படலாம் என்றது. ஐபுப்ரூஃபென் மாத்திரையை முன்னாலேயே விழுங்கினாலும் போடும் நேரத்து வலி பெரிதாகக் குறைவதில்லை.

"கொஞ்சம் பொறுத்துக்கம்மா" என்பதை மட்டும் வைத்தியமாக ஏற்க எனக்கு மனமில்லை. மரத்துப்போகும் ஊசி உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். முன்பு அந்த ஊசி ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.