பழைய வானொலியைத் திறக்குமுன்



1990 இல் போர் காங்கேசன்துறை மக்களை ஊரைவிட்டு அகற்றியது. அதே ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களும் ஏறக்குறைய வெறுங்கையோடு வெளியேற்றப்பட்டார்கள். குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. எஞ்சியிருந்தோர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுழற்றி வானொலியில் செய்தி கேட்டார்கள்.

டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியதோ நேரோட்டம். டயோட்டு அதை ஒரு திசைக்குத் திருப்பிவிடும், ஆனாலும் மின்சாரம் துடித்துத் துடித்தே வரும். அந்தத் துடிப்பைச் சமன்செய்வது கப்பாசிற்றர். பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் கொள்ளளவி. வாளி வாளியாக ஊற்றினாலும் தொட்டியிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் சீராக வருவதில்லையா, அதுபோல.

பழைய வானொலிகளில் பெரும்பாலும் முதலில் கெடுவதும் இதுதான். உருளை வடிவக் கப்பாசிற்றரின் உள்ளே ஈரம் இருக்கிறது. ஆண்டுகள் செல்ல அது வற்றும். பாங்குச் சத்தத்தோடு 'ம்ம்ம்' என்ற இரைச்சலும் சேர்ந்து வந்தால் இதன்மேல் சந்தேகப்படலாம். பல ஆண்டு மூடிக்கிடந்த பெட்டியை எடுத்தவுடன் பிளக்கில் மாட்டாதீர்கள்.

மாற்றும்போது மேலே எழுதியுள்ள இரண்டு எண்களைப் பாருங்கள். 1000 மைக்ரோபரட், 16 வோல்ற்று என்றிருந்தால் கொள்ளளவு அதேயாக இருக்கட்டும். வோல்ற்று கூடலாம், 25 ஆனாலும் நல்லது, குறையவே கூடாது. 85 பாகை, 105 பாகை என இரு வகை உண்டு. 105 நீண்டகாலம் உழைக்கும். பக்கத்தில் கழித்தல் குறியுள்ள கோடு எதிர்முனை. மாற்றிப் பொருத்தினால் சூடாகி வெடிக்கும். நிலையம் பிடிக்கும் பகுதியிலுள்ள சிறிய வில்லை போன்றவற்றைத் தொடவேண்டாம். அவற்றில் வற்றுவதற்கு ஈரமில்லை. அளவு மாறினால் நிலையமே இடம்மாறிவிடும்.

உடைந்த பெட்டியிலிருந்து கழற்றியதைப் புதியதென்று பொருத்திக் காசு வாங்குவோரும் உண்டு. குறையை மறைத்து விற்பது மார்க்கத்தில் கூடாத வியாபாரம். கழற்றிய பழையதைக் கேட்டு வாங்குங்கள், கேட்பதில் வெட்கமில்லை.

தொலைக்காட்சிப் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்கவே வேண்டாம். 230 வோல்ற்று உள்ளே நேரோட்டமாகும்போது 325 வரை ஏறும். பிளக்கைக் கழற்றிய பின்னும் அது கப்பாசிற்றரில் தங்கியிருக்கும். பிள்ளைகள் கைவைத்தால் ஆபத்து.

2015 ஜனவரியில் ரயில் மீண்டும் காங்கேசன்துறைக்கு வந்தது. காணிகளும் பகுதி பகுதியாக விடுபட்டன. திரும்பிய வீடுகளிலும், புத்தளத்திலேயே தங்கிவிட்ட நம்மவர் வீடுகளிலும் மௌத்தான வாப்பாவின் குரல் பதிந்த கசெற் ஒன்று இருக்கலாம். பழுதுபார்த்த பெட்டியில் முதலில் வேறொரு கசெற்றை ஓடவிட்டுப் பாருங்கள். நாடா சிக்காமல் இரு பக்கமும் ஓடி முடிந்த பிறகு அதைப் போடுங்கள்.